இரண்டு பெயர்கள் எழுதிய சீட்டு

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் கோடு போட்ட தாளிலிருந்து கிழித்தது. நான்கு விரல் அகலம்தான். அதன் மேல் விளிம்பு நேராக இல்லை. மடித்து, நகத்தால் அழுத்திக் கிழித்ததால் பஞ்சு போலப் பிசிறு தட்டியிருக்கிறது. முன்பக்கத்தில் ஒரே ஒரு பெயர், நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், என் கையால் எழுதப்பட்டது. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை அதை எழுதக் கூடாத இடத்தில் எழுதினேன். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறெங்கும் எழுதவில்லை.

இன்று கோயிலிலிருந்து அச்சிட்ட படிவம் ஒன்று வந்திருக்கிறது. நவம்பர் மாதத்தில் நினைவுகூரப்பட வேண்டிய நம் வீட்டு இறந்தோரின் பெயர்களைக் கட்டங்களுக்குள் எழுதித் தர வேண்டுமாம். படிவம் மேசைமேல் கிடக்கிறது. பேனா மூடி திறந்தபடி இருக்கிறது. காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது. நான் மூன்று முறை எழுந்து சன்னல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இந்த நிலைகொள்ளாமை எனக்குப் புதியதன்று. அது எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால் என் அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர், உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். மோட்சம் சேராமல் காத்திருக்கும் ஆன்மாக்களுக்காக உயிரோடிருப்பவர்கள் மன்றாடும் மாதம். மயிலாப்பூரில் கடற்காற்றுப் படும் தூரத்தில் இருந்த எங்கள் கோயிலில், ஒவ்வொரு வீட்டாரும் தம் இறந்தோரின் பெயர்களைச் சீட்டில் எழுதி, வியாகுல மாதா பீடத்தின் கீழ் வைத்திருக்கும் பெட்டியில் போடுவார்கள். பெட்டி என்பது கறுப்புத் தாள் ஒட்டி, வெள்ளைத் தாளில் சிலுவை வெட்டி ஒட்டிய ஒரு பிஸ்கட் டப்பாதான். மாதம் முழுவதும், மாலைச் செபமாலை முடிந்ததும், நாளுக்குச் சில சீட்டுகளாக எடுத்து உரக்க வாசிப்பார்கள். வாசித்த சீட்டுகளைச் சேர்த்து வைத்து, மாதத்தின் கடைசி நாளில் தூபக் கலசத்துக் கரியில் இட்டு எரிப்பார்கள்.

இந்த நல்ல வழக்கத்துக்கு ஓர் இருண்ட நிழலும் உண்டு. உயிரோடு இருப்பவனுடைய பெயரை யாரேனும் அந்த டப்பாவில் போட்டு, அது பீடத்தின் முன் இறந்தோர் பெயரோடு வாசிக்கப்பட்டுவிட்டால், அவன் அடுத்த நவம்பர் இரண்டாம் தேதிக் கல்லறைத் திருநாளைப் பார்க்க மாட்டான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அதை மூடத்தனம் என்று கண்டிப்பார். அவர் ஒவ்வோர் ஆண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது என்பதையும் நான் கவனித்திருந்தேன்.

அந்தச் சீட்டுகளை வாசித்தவர் என் அண்ணி. இலத்தீன் பூசை போய்ப் பீடத்தில் தமிழ் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. கோயில் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய அண்ணியைச் சாமியார் அழைத்து, பீடத்தருகே நின்று வாசிக்கச் சொன்னார். எங்கள் கோயிலில் அதுவரை எந்தப் பெண்ணும் அங்கே நின்றதில்லை. முதல் நாள் வாசித்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், "பொம்பள பீடத்தாண்ட நின்னா ஊர்ல மழ பெய்யுமா?" என்று அண்ணியின் காதில் விழும்படியே சொன்னார். அண்ணி நின்று, "இன்னா நைனா, நான் படிக்க ஆரமிச்சதுலேந்து வுடாம பெஞ்சிக்கினு கீது. நனையாத, இந்தா கொடயப் புடி" என்று தம் குடையை அவர் கையில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். வகுப்பறையில் அச்சுக் கோத்தாற்போன்ற தமிழ்; வீட்டிலும் தெருவிலும் எங்கள் மெட்ராஸ் பேச்சு. இரண்டிலும் அவர் பொய்யாக ஒலித்ததில்லை.

நான் அப்போது ராயப்பேட்டையில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பொட்டலம் கட்டிவந்த பத்திரிகைத் தாள்களைப் படித்தும், சீசாக்களில் ஒட்டும் சீட்டுகளில் மருந்தளவை எழுதியும் என் எழுத்தை நானே திருத்திக்கொண்டேன். என் கையெழுத்து எனக்கிருந்த ஒரே பெருமை. வீட்டில் எதை எழுதவேண்டியிருந்தாலும் நானே எழுதுவேன்.

இனி என் அண்ணனைப் பற்றி. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளராக இருந்தார். மேலாளராக இருந்தவர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர். ஞாயிறுதோறும் முதல் பெஞ்சில் அமர்பவர். ஒருநாள் விலையுயர்ந்த சேலைக் கட்டு ஒன்றைக் காணவில்லை. கடைசியாக அதைத் தொட்டவன் என் அண்ணன்தான் என்று மேலாளர் முதலாளியிடம் சொன்னார். பின்வாசலில், எல்லா ஊழியர்களும் பார்த்திருக்க, அண்ணனுடைய சாப்பாட்டுக் கேரியரை ஒவ்வோர் அடுக்காகத் திறந்து காட்டச் சொன்னார்கள். மேல் அடுக்கில் பொரியல், நடு அடுக்கில் குழம்பு, அடியில் சோறு. சேலைக் கட்டு சோற்றுக்குள் இருக்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மானத்தை வாங்குவதற்கே அப்படிச் செய்தார்கள். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணன் அந்தக் கேரியரைப் பரண்மேல் வைத்தார். பிறகு அதிகம் பேசவில்லை. சில மாதங்களில், ஒரு மத்தியானம், முகம் கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த ஒரு சக ஊழியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: சேலைக் கட்டு சில வாரங்களிலேயே அகப்பட்டுவிட்டதாம். கண்ணாடி அலமாரியில் பொம்மை நிற்கும் பலகைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். மேலாளர் அதை ஓசைப்படாமல் அடுக்கில் சேர்த்துவிட்டு, எவரிடமும் வாய் திறக்கவில்லையாம்.

அந்த மேலாளரும் அடக்கத்துக்கு வந்திருந்தார். எங்கள் வழக்கப்படி, குழிக்குள் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போடவேண்டும். அவர் போட்டார். அடுத்து அண்ணி குனிந்து மண்ணை அள்ளினார். அதற்குள் செய்தி அண்ணியின் காதுக்கும் போயிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடும்பம் தழைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அண்ணி தூற்றுவார் என்றே எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன், உண்மையில், விரும்பினேன். அண்ணி வெகுநேரம் கையை மூடியபடியே நின்றார். பிறகு மண்ணைக் குழிக்குள் போட்டார். ஆனால் வீடு வரும்வரை அந்தக் கையை அவர் கழுவவில்லை என்பதைப் பார்த்தேன்.

அவர் தூற்றாததை நான் தூற்றுவதென்று முடிவு செய்தேன். அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், நோட்டுத் தாளைக் கிழித்து அண்ணன் பெயரை எழுதினேன். ஒரு வரி விட்டு, அதன் கீழே மேலாளர் பெயரை எழுதினேன். கை நடுங்கவில்லை. மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலவே திருத்தமாக எழுதினேன். மாலையில் கோயிலுக்குப் போய், முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, அதை டப்பாவில் போட்டேன். சாபத்தையும் முழந்தாளிட்டே செய்தேன் என்பதை இன்று நினைத்தாலும் உடல் கூசுகிறது.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் தூணோரம் அமர்ந்து காத்திருந்தேன். முதல் பெஞ்சில் மேலாளரின் சவரம் செய்த பிடரி. பீடத்தருகே அண்ணி. ஒவ்வொரு சீட்டையும் அவர் விரிக்கும்போது நீல மை தெரிகிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஏமாற்றம்; உடனே ஓர் ஆறுதல்; அந்த ஆறுதல்மீது கோபம். இப்படியே பத்துப் பன்னிரண்டு நாட்கள் போயின. பிறகு ஒருநாள் முதல் பெஞ்சில் அந்த இடம் காலியாக இருந்தது. மறுநாளும் காலி.

அதற்கடுத்த நாள், மேலாளரின் மனைவி மழையில் நனைந்தபடி என் மருந்துக் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. கணவருக்கு வயிற்றில் கட்டி, இரத்தமாக வாந்தி எடுக்கிறார், மாதக் கடைசியில் அறுவை செய்யப்போகிறார்கள். நான் சீசாவை எடுத்தேன், சீட்டில் அளவை எழுதினேன், ஒட்டினேன். எல்லாம் பழக்கத்தில் நடந்தன. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீ நம்ம கோயில் பையன்தானே? டீச்சரம்மாவோட கொயுந்தன்?"

"ஆமா."

"அவருக்காக ரெண்டு வார்த்த வேண்டிக்கோப்பா. உங்க அண்ணிகிட்டயும் சொல்லு. அவங்க சொன்னா மாதா கேப்பாங்க."

அவருக்கு எதுவும் தெரியாது. கணவர் செய்தது அவருக்குத் தெரிந்திருந்தால் என் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்க மாட்டார். சீசாவை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்து போனார். அன்று நான் எழுதிய மருந்துச் சீட்டும், கறுப்பு டப்பாவுக்குள் கிடந்த சீட்டும் ஒரே கையெழுத்து. ஒன்று அந்த மனிதரைப் பிழைக்க வைக்க, மற்றது கொல்ல. எது முந்தும் என்று அறியாமல் நான் கடைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். முதலாளி, "இன்னாடா, காலுல சக்கரம் கட்டிக்கினியா? ஒரு எடத்துல நில்லு" என்று அதட்டினார்.

மறுநாள் ஞாயிறு. மழையில் பீடத்தருகே ஒழுகியதால், அண்ணி டப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார். மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து, அன்றைக்கு வாசிக்க வேண்டியவற்றை முன்கூட்டியே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"அண்ணி, அந்த டப்பாவுல ஒரு சீட்டு..."

அவர் நிமிரவில்லை. "நீல மசியா?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத நாளே பாத்துட்டேன். மருந்துக் கட கையெயுத்து ஊருக்கே தெரியுமே. மூணு வேள, சாப்பாட்டுக்கு அப்பறம்னு கீய எயுதாததுதான் கொற."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "பாத்துட்டு ஏன் அண்ணி கிழிச்சுப் போடல?" என்று கேட்டேன்.

அண்ணி டப்பாவின் அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். மடிப்புகள் மெலிந்திருந்தன. எத்தனை முறை விரித்திருப்பார் என்று அதைக் கண்டதும் புரிந்தது.

"கியிக்கணும்னுதான் தெனமும் எடுக்கறேன். கை வரல. வாசிச்சுட்டா இன்னான்னு ஒரு பக்கம் தோணுது. ரெண்டு நாளு இத மேலயே வச்சு பீடம் வரிக்கும் எடுத்துக்கினு போனேன், தம்பி. உங்கண்ணன் பேரு வாய் வரிக்கும் வந்துச்சு. அத சொன்னா அடுத்ததும் தானா வந்துடும்னு பயந்து, திரும்ப அடில போட்டுட்டேன். நீ எயுதிட்ட. வாசிக்கறதா வேணாவான்னு நான்தான் தெனமும் முடிவு பண்ண வேண்டிகீது."

மருந்துக் கடைக்கு வந்த பெண் கேட்டதை அவரிடம் சொன்னேன். அண்ணி சீட்டை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார். பரண்மேல் அந்தக் கேரியர் அப்படியே இருந்தது.

"மனசார வேண்டிக்க என்னால முடியாது. அப்டி முடியும்னு சாமிகிட்ட பொய் சொல்ல மாட்டேன். மனசு என் பேச்ச கேக்கல. ஆனா வாய் என்னுது. அத்த எதுக்குக் குடுக்கறதுன்னு நான்தானே சொல்லணும்?"

என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். சீட்டைக் கிழிக்கவில்லை, டப்பாவின் அடியில்தான் மீண்டும் வைத்தார். நானும் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு கையை நீட்டியிருந்தால் போதும். அந்தக் கை ஏன் நீளவில்லை என்பதற்கு நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்ட காரணங்களில் ஒன்றுகூட உண்மையானதில்லை. மேலாளர் சாகவேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று இன்னும் விரும்பிக்கொண்டிருந்தது, அதுதான் உண்மை.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அன்று காலையில்தான் அறுவை நடந்திருந்தது. பிழைப்பாரா என்பது தெரியவில்லை. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து, கடைசிப் பெஞ்சில் முக்காடிட்டு அமர்ந்திருந்தார். தூபக் கலசத்தில் கரி சிவந்திருந்தது. அண்ணி ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். டப்பாவில் கடைசியாக ஒன்றே ஒன்று எஞ்சியது. தூணருகே இருந்த எனக்கு அதன் நீலம் தெரிந்தது.

விரித்தார். அண்ணனின் பெயரை வாசித்தார். குரல் மாறவில்லை. பிறகு நின்றார். சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். வாசித்துவிடுங்கள் என்று ஒரு மனம். வேண்டாம் என்று ஒரு மனம். பெஞ்சின் விளிம்பை நான் எவ்வளவு இறுகப் பற்றியிருந்தேனென்றால், மறுநாள் உள்ளங்கையில் அதன் தடம் கன்றியிருந்தது. அண்ணி சீட்டை இரு பெயர்களுக்கும் நடுவே மடித்தார். நகத்தால் அழுத்தினார். கிழித்தார். அந்தச் சிறு ஓசை எனக்குக் கேட்டது. மேல் பாதியை, தம் கணவரின் பெயரை, கரியில் இட்டார், புகை எழுந்தது. கீழ்ப் பாதி கையிலேயே இருந்தது.

"உயிரோடு இருப்பவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொல்வோம்" என்றார், வகுப்பறைத் தமிழில். மேலாளரின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் இவருக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தருவாராக. இவர் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. இவர் வீட்டில்..." அங்கே நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து திரும்பச் சொன்னார். "இவர் வீட்டில் விளக்கு அணையாமல் காப்பாராக."

நடந்தது என்னவென்று அறிந்தவர்களும் அறியாதவர்களுமாகக் கோயில் முழுவதும் "ஆமென்" என்றது. கடைசிப் பெஞ்சிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் தனியாகக் கேட்டது. நான் சொல்லவில்லை.

மேலாளர் பிழைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு முதல் பெஞ்சுக்குத் திரும்பினார், சட்டை தோளில் தொங்க. பூசை முடிந்து வாசலில் அண்ணியைப் பார்த்து, "இன்னாமா டீச்சர், எனக்காக வேண்டிக்கினியாமே. ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார். அவ்வளவுதான். சேலைக் கட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றும் இல்லை, அதற்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் நலமாக வாழ்ந்து, பேரப்பிள்ளைகளை எடுத்து, அதே பெஞ்சில் அமர்ந்திருந்த காலமெல்லாம் இல்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. "வேண்டிக்கிட்டு இன்னா அண்ணி ஆச்சு? ஒரு வார்த்த சொன்னானா?" என்று ஒருமுறை வெடித்தேன். அண்ணி தெருவில் அடி பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுவாருன்னு நானும் கொஞ்சம் நெனச்சேன். சொல்லல. அதுக்காகத்தான் சொன்னேன்னா, அதுக்குப் பேரு ஆசீர்வாதமா?" என்றார். பிறகு பம்பின் பிடியைத் தட்டி, "இது மாதிரிதான், தம்பி. நேத்து அடிச்ச தண்ணி நேத்தோட தீந்துபோச்சு. அந்தாள பாத்தா இன்னிக்கும் வயிறு எரியுது. இன்னிக்கும் திரும்ப அடிக்கணும். சும்மா நிக்கறியே, கொடத்த நவுத்து" என்றார்.

அண்ணி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய செபப் புத்தகத்துக்குள்தான் இந்தப் பாதிச் சீட்டு இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணியின் நுண்ணிய எழுத்தில் பெயர்கள்: மேலாளரின் மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள். அந்த வீட்டில் ஆள் கூடக்கூட அண்ணி இதில் சேர்த்து எழுதியிருக்கிறார்; ஒவ்வொன்றும் வேறு மை, வேறு பேனா. எல்லாவற்றுக்கும் மேலே, பழுத்து மங்கிய மையில், வேறொரு பெயர் இருந்தது. அது என்னுடையது. அந்தச் சீட்டினால் யாருக்குக் கேடு வந்தது என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணிக்குப் பிறகு மேலாளரும் போய்விட்டார். அதன்பின் இரண்டு நவம்பர்கள் கடந்தன. இரண்டு முறையும் என் படிவத்தில் அவர் பெயர் இல்லை. அவருடைய வீட்டார் எழுதியிருப்பார்கள். நான் எழுதாததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த இரண்டு மாதங்களிலும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இப்போது சன்னலருகிலிருந்து திரும்பி வந்து அமர்ந்திருக்கிறேன். வெளியே அதே பருவமழை. முதல் கட்டத்தில் அண்ணன் பெயரை எழுதினேன். அடுத்ததில் அண்ணியின் பெயரை. மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. வயிறு இன்னும் எரிகிறது, மறைப்பதற்கில்லை. கண்ணாடிக் கூட்டிலிருந்து துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்து, அந்தப் பெயரை எழுதினேன். அன்று நடுங்காத கை இன்று நடுங்கிற்று. எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் உரக்கத்தான் சொன்னேன்: "ஆமென்."

நாளைக்கும் சொல்லவேண்டியிருக்கும்.